ஆக்ஸிஜன் மெஷின் வெடிக்குமா? வீட்டில் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம்

ஆட்டோவில் இருந்து மெஷினை இறக்கி வைத்ததுமே அநேகமாக எல்லா வீட்டிலும் வருகிற முதல் கேள்வி இதுதான். "ஏய்யா, இது வெடிச்சிறாதுல்லா?" திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் என்று எங்கே போனாலும் இதே கேள்வி. கேட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு எட்ட நின்று பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் பயம் தெளிந்ததும், அதே கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிற சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி வைப்பார்கள். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்படுகிறோம். இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் விவரம்.

இந்த மெஷின்களை வாடகைக்குக் கொண்டுபோய் வைத்து, மாட்டிக் காட்டிவிட்டு வருகிற வேலை என்னுடையது. டாக்டர் இல்லை. எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியிலோ நீங்கள் பார்க்கிற இடத்திலோ எழுதிக் கொடுத்த சீட்டில் இருக்கும்; அதை மாற்ற எனக்கும் உரிமை கிடையாது, பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் கிடையாது. பொருளை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மெஷின். நாம் இழுக்கிற காற்றில் 21 சதவீதம்தான் ஆக்ஸிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். மெஷினுக்குள் ஒரு கம்ப்ரஸரும், சியோலைட் என்கிற குருணை நிரப்பிய இரண்டு குழல்களும் இருக்கின்றன. கம்ப்ரஸர் அறைக் காற்றை இழுத்து அழுத்தித் தள்ளும், சியோலைட் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மிச்சமாக வெளியே வருவது 90 முதல் 95 சதவீதம் வரை ஆக்ஸிஜன். ஒரு குழல் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்றது தான் பிடித்ததை வெளியே விடும். சில விநாடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று கேட்பது அதுதான், ரிப்பேர் என்று நினைத்து ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ண வேண்டாம். ஆக, உள்ளே பெரிதாக எதையும் அடைத்து வைக்கவில்லை, வெடிப்பதற்கு அதில் சரக்கே இல்லை. கரண்டு போனால் ஆக்ஸிஜனும் நின்றுவிடும், அந்த நேரத்துக்குத்தான் ஆக்ஸிஜனை அழுத்தி அடைத்த சிலிண்டர் ஒன்றையும் கூட வைத்துக்கொள்வது. 'இது அறையில் உள்ள காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்டால் கூடப் படுக்கிறவங்களுக்கு மூச்சு முட்டாதா' என்று கேட்பவர்களும் உண்டு. முட்டாது. எடுத்த காற்றைப் பிரித்து அதே அறைக்குள்தான் விடுகிறது.

சரி, அப்படியானால் ஆபத்து எங்கே? ஆக்ஸிஜன் தானாக எரியாது, எரிகிற வேறொன்றைப் பலமடங்கு வேகமாக எரிய வைக்கும். நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. பணகுடிப் பக்கம் போனால் தெரிகிற மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அங்கே சோதித்துப் பார்க்கிற கிரையோஜெனிக் எஞ்சினில் எரிகிற பொருள் திரவ ஹைட்ரஜன், அதை எரிய வைப்பது திரவ ஆக்ஸிஜன். ராக்கெட்டையே தூக்குகிற நெருப்புக்கு உயிர் கொடுக்கிற அதே ஆக்ஸிஜனைத்தான் 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது அந்த வளாகத்தில் இருந்து டேங்கர்களில் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். மூச்சுக்கும் நெருப்புக்கும் ஒரே சரக்கு.

வீட்டில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மூக்கில் மாட்டுகிற அந்த மெல்லிய குழாயில் இருந்து வருவது முழுவதும் நுரையீரலுக்குள் போவதில்லை. மூச்சு விடுகிற நேரத்தில் வருவதெல்லாம் முகத்தைச் சுற்றிப் பரவி, மீசையிலும் தலைமுடியிலும் சட்டையிலும் போர்வையிலும் தலையணையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது. ஆனால் அந்தத் துணியில் ஒரு பொறி விழுந்தால், சாதாரணமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டு அணைந்துபோக வேண்டியது குப்பென்று பற்றிக்கொள்ளும். மெஷினை அணைத்ததும் துணியில் இருப்பது உடனே போய்விடாது. காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரமாவது ஆக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைப் புரிய வைப்பதற்குள்தான் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். முக்கூடல் பக்கம் ஒரு வீடு. பட்டாசாலில் மூன்று பெண்கள் மடியில் சுளகை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், உள் அறையில் கட்டிலில் தாத்தா. மூக்கில் குழாய், காதில் பீடி. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "மெஷின அமத்திட்டுத்தாம்ல குடிக்கேன், பொறவு என்ன?" மருமகளும், "ஆமா அண்ணே, மாமா மறக்காம அமத்திருவாவ" என்று சாட்சி சொல்கிறாள். அவர் உடுத்தியிருந்த பனியனும் கழுத்துத் துண்டும் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜனில் ஊறியவை. இழுக்காமல் வைத்தால் பீடி தானாக அணைந்துவிடும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லித்தான் பேச ஆரம்பித்தேன். "தாத்தா, சும்மா வெச்சா அணைஞ்சு போற பீடி, இந்தக் காத்து பட்டா அணையாது, நாக்க நீட்டும். குழாயும் பிளாஸ்டிக்கு. அது பத்துனா தீ மூக்குக்குத்தான் வரும்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பீடியை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். அன்றைக்குக் கொடுத்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

புகைக்கிறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு மெஷின் வந்து நிறுத்தாது. விடுவதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அதுவரைக்கும் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஆக்ஸிஜன் இருக்கிற அறைக்குள் எவரும், பார்க்க வந்த சம்பந்தியே ஆனாலும், பற்றவைக்கக் கூடாது. தீப்பெட்டியும் லைட்டரும் கட்டிலுக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருக்கக் கூடாது. மின்சார சிகரெட்டுக்கும் இதே சட்டம்தான், அதற்குள்ளும் சூடாகிற கம்பி இருக்கிறது. பீடி சுற்றுகிற வீட்டில் தூளும் தூசியும் பறக்கிற இடத்தில் இருந்து நோயாளியையும் மெஷினையும் தள்ளி வையுங்கள், நுரையீரலுக்கும் ஆகாது, மெஷினின் வடிகட்டியும் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

விறகடுப்புப் புகையிலேயே காலத்தைக் கழித்து, பீடியைத் தொடாமலே மூச்சு கெட்டுப்போன ஆச்சிமார்கள் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் ஆபத்து விளக்கேற்றுகிற நேரத்தில் வரும். குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீடுகளில் மெழுகுவத்தி, எல்லாம் நெருப்புதான். சாமிக்கு ஏற்றுவது ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை, அதோடு வாதாட முடியாது. நான் சொல்கிற வழி சுலபம்: விளக்கை வேறு அறைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கட்டிலை மாற்றுங்கள், இரண்டுக்கும் நடுவில் பத்தடியாவது இருக்கட்டும். கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து நோயாளி முகத்துக்கு நேரே காட்டுவது வேண்டவே வேண்டாம். திருநீறு மட்டும் கொண்டுவந்து பூசிவிடலாம். அடுக்களைக்கும் அதே பத்தடிக் கணக்கு. குழாய் நீளமாக இருக்கிறது என்பதற்காக அதை மாட்டிக்கொண்டே ஒரு காபி போட்டுவிட்டு வரலாம் என்று கேஸ் அடுப்பு முன்னால் போய் நிற்பவர்கள் உண்டு, சேலைத் தலைப்பும் குழாயும் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கார்த்திகைக்கு வாசல் முழுக்க விளக்கு, தீபாவளிக்குத் தெருவெல்லாம் வெடி என்கிற நாட்களில் தெருப்பக்க ஜன்னலை மூடிவிட்டு முற்றத்துப் பக்கக் கதவைத் திறந்து வையுங்கள்.

அடுத்தது எண்ணெய். இதை எதிர்பார்க்கவே மாட்டார்கள். சிலிண்டரில் ரெகுலேட்டர் இறுக்கமாக இருக்கிறதென்று இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவது, சைக்கிள் கடை கிரீஸ் தடவுவது எல்லாம் உயிரோடு விளையாடுகிற வேலை. நிறைந்த சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் இருக்கிறது. வால்வைத் திறந்ததும் அது ரெகுலேட்டருக்குள் பாய்ந்து, அங்கே இருக்கிற காற்றை ஒரே நொடியில் நசுக்கிச் சூடாக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான், இங்கே பலமடங்கு. அந்தச் சூட்டுக்கு எண்ணெய் தீக்குச்சி இல்லாமலே பற்றும். அதனால் சிலிண்டரைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு போகாதீர்கள். வால்வை மெதுவாகத் திறங்கள், மீட்டருக்கு நேரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

முகத்துக்கும் இது பொருந்தும். ஆக்ஸிஜன் போகப்போக மூக்கு காய்ந்து எரியும், உடனே நம் கை போவது வாசலின், நெய், தேங்காய் எண்ணெய், இல்லாவிட்டால் நெஞ்சில் தடவுகிற தைலம். எண்ணெய்ப் பசை உள்ள எதையும் மூக்கு, உதடு, கன்னத்தில் தடவ வேண்டாம். தண்ணீர் கலந்து செய்த ஜெல் மெடிக்கலில் கிடைக்கும், அதைக் கேளுங்கள். சானிடைசர் போட்டால் கை நன்றாகக் காய்ந்த பிறகு குழாயைத் தொடுங்கள். கொசு ஸ்பிரே, சென்ட் எல்லாம் அந்த அறைக்கு வெளியே.

சிலிண்டரைப் பற்றிய பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கீழே விழுந்து வால்வு உடைந்தால் உள்ளே இருக்கிற அழுத்தம் அதை உருட்டிக்கொண்டு பாய வைக்கும், சுவரே உடையும். ஆகவே நிமிர்த்தி வைத்து, சுவரில் ஒரு கொக்கி அடித்துச் சங்கிலியால் கட்டிவிடுங்கள், அல்லது ஸ்டாண்டோடு வாங்குங்கள். மருத்துவ ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு உடம்பு கறுப்பு, தோள் வெள்ளை. முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது பட்டறை வெல்டிங்குக்குப் போகிற தொழிற்சாலைச் சிலிண்டர், வாங்காதீர்கள். தோளில் சோதனை செய்த மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது கணக்கு. திறக்கிற சாவியை சிலிண்டரோடே ஒரு கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். அவசரத்தில் சாவியைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுகிற வீடுகளை நிறையப் பார்த்தாயிற்று.

மெஷினை எங்கே வைப்பது? டவுனில், மேலப்பாளையத்தில், தெரு வாசலில் இருந்து பின்வாசல் வரை ரயில் பெட்டி போல நீண்டு போகிற வீடுகளில் நடு அறைக்கு ஜன்னலே இருக்காது, நோயாளியை அங்கேதான் படுக்க வைப்பார்கள். முடிந்தவரை தார்சாவுக்கோ முற்றத்தை ஒட்டிய அறைக்கோ மாற்றுங்கள். மெஷினுக்கு நாலு பக்கமும் ஒரு அடி இடம் வேண்டும். பீரோ சந்துக்குள் செருகுவது, தூசி படாமல் இருக்கட்டும் என்று பழைய சேலையால் மூடுவது, மேலே துணி காயப்போடுவது எல்லாம் அதன் மூச்சை அடைக்கிற வேலை. பின்னால் இருக்கிற பஞ்சு வடிகட்டியை வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பிளக்கை சுவரில் இருக்கிற மூன்று துளை பாயிண்டில் நேராகச் செருகுங்கள், நாலு சாமான் தொங்குகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதையும் சேர்க்காதீர்கள். குழாயைப் பாய்க்கு அடியில் விடாதீர்கள், மிதிபட்டு மடிந்து காற்று நின்றுபோகும். நடைபாதையில் கிடந்தாலும் ஆச்சி தடுக்கி விழுவாள். சுவரோரமாகக் கொண்டுபோங்கள்.

தண்ணீர் பாட்டில் இருக்கிறதே, ஆக்ஸிஜன் குமிழி விட்டுக்கொண்டு போகிற அந்தக் குப்பி, அதில் மெடிக்கலில் விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றலாம், இல்லாவிட்டால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் அமிர்தம்தான், ஆனாலும் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றாதீர்கள், பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரும் வேண்டாம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், மேல் கோட்டைத் தாண்டினால் தண்ணீர் குழாயேறி மூக்குக்கு வரும். தினமும் மாற்றுங்கள், மிச்சத்தின் மேலேயே ஊற்றாமல் கொட்டிவிட்டு, கழுவி, புதிதாக ஊற்றுங்கள். மூடியைக் கோணலாகத் திருகினால் அங்கேயே காற்று கசியும், குமிழி வராது. காற்று மூக்குக்கு வருகிறதா என்று சந்தேகமா? மூக்குக் குழாயின் முனையை ஒரு தம்ளர் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் வருகிறது. துடைத்துவிட்டு மாட்டுங்கள், அந்த இரண்டு முனையும் வளைந்த பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் புண்ணானால் கொஞ்சம் பஞ்சு வைக்கலாம்.

இப்போது அளவு. மீட்டரில் ஒரு சின்னப் பந்து மிதக்கும், அதன் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் லிட்டர். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கண் மட்டத்தில் பார்க்க வேண்டும், நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் தப்பாகத் தெரியும். 2 லிட்டர் எழுதியிருந்தால் 2 லிட்டர். 'கூட வெச்சா சீக்கிரம் சரியாகும்' என்று ஐந்துக்குத் திருப்புகிற பாசம் ரொம்ப ஆபத்தானது. சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஆக்ஸிஜன் அதிகமானால் உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும். தலைவலி, தூக்கக் கிறக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், அப்புறம் எழுப்பினாலும் எழுந்திருக்காத நிலை. இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள், 98 காட்டவில்லையே என்று நாம் தவிக்க வேண்டியதில்லை. உங்கள் ஆளுக்கு எத்தனை என்று கேட்டுப் பெரிதாக எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். எண் திடீரென்று குறைந்தால் முதலில் விரல் குளிர்ந்திருக்கிறதா, நகச்சாயம் இருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா, பாட்டில் மூடி சரியா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் 108.

அப்புறம், 'ஆக்ஸிஜன் வெச்சாச்சா, அப்ப முடிஞ்சுது' என்று வாசலில் நின்று பேசுகிறவர்களை உள்ளே விடாதீர்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைந்த சிஓபிடிக்காரர்கள் தினமும் 15 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் ஆயுள் கூடுகிறது என்பது 1980-81-லேயே ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். இந்தப் பேச்சைக் கேட்டுக் கூச்சப்பட்டு, ஆள் வரும்போதெல்லாம் குழாயைக் கழற்றி மெத்தை மேல் போட்டுவிடுவார்கள், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், மெத்தை முழுக்க ஆக்ஸிஜன் ஏறும். கழற்றினால் மெஷினை அணைத்துவிடுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் முதல் வேலை ஆக்ஸிஜனை நிறுத்துவது. மெஷினின் சுவிட்ச், சிலிண்டரின் வால்வு, பக்கத்தில் எது இருக்கிறதோ அது. குழாயை முகத்தில் இருந்து கழற்றி ஆளை வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு 101. வெளிநாடுகளில் குழாய்க்கு நடுவே தீ வந்தால் தானாக ஆக்ஸிஜனை நிறுத்துகிற ஒரு சின்னத் துண்டை மாட்டுவார்கள், ஃபயர் பிரேக் என்று பெயர், இங்கே கிடைத்தால் வாங்கிப் போடுங்கள்.

இனி கரண்டு. 5 லிட்டர் மெஷின் 350 வாட் அளவுக்கு இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் 500 யூனிட் கூடுதலாக நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று மெஷின்காரரிடம் கேளுங்கள். ஓடினாலும் ஒற்றை பேட்டரி மூன்று நான்கு மணி நேரம் தாங்கினால் அதிகம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 வரை போகும், பேப்பரில் முந்தின நாளே வரும். தென்காசிப் பக்கம் சாரல் காற்றில் மரம் விழுந்து போகிற கரண்டுக்கு எந்த அறிவிப்பும் கிடையாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அதில் புகார் சொல்லலாம். ஆனால் புகார் எண்ணால் மூச்சு விட முடியாது, சிலிண்டர் ஒன்று நிறைந்து நிற்க வேண்டும்.

கணக்கு இதுதான். இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிற 'பி டைப்' சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். 5 லிட்டர் என்றால் ஐந்து மணி நேரம்தான், 9 மணிக்கு நின்ற கரண்டு 2 மணிக்கு வரவில்லை என்றால் கையைப் பிசைய வேண்டியதுதான். சிலிண்டர் மீட்டரின் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது சில இடங்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை, சிலிண்டர் மாற்றித் தர வண்டியும் போக முடியவில்லை. கரையோரமாகவோ தாழ்வான தெருவிலோ இருக்கிறவர்கள், பலத்த மழை எச்சரிக்கை வந்ததுமே நோயாளியை மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ மாற்றிவிடுங்கள், தண்ணீர் படியேறிய பிறகு மெஷினையும் ஆளையும் ஒன்றாகத் தூக்க முடியாது. மற்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டரைத் திறந்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ரெகுலேட்டரில் குழாயை மாற்றி மாட்டிப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. பகலில் தனியாக இருக்கிற ஆச்சிக்கும், பக்கத்து வீட்டு மதினிக்கும் சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒருமுறை செய்ய வைத்துக் காட்டிவிடுங்கள்.